சில கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் காரணமாக

இன்று காலை எங்கள் அடுக்ககத்து லிஃப்டில் ஓர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்கள். பணியாளர் வீட்டு விசேஷங்களுக்குக் கீழ்த்தள மண்டபத்தை இனித் தர இயலாது என்பது செய்தி. எழுதிக்கொடுத்தவள் நான்தான். "மாஷிமா, படிச்சா யாருக்கும் கோபம் வரக்கூடாது, அப்படி ஒரு இங்கிலீஷ்ல குடுங்க" என்று கமிட்டிச் செயலாளர் வங்காள மொழியில் கேட்டுக்கொண்டார். கை பழக்கத்தில் எழுதிவிட்டது. அச்சில் அந்தச் சொல்லைக் கண்டபோதுதான் உன் முகம் எதிரே வந்து நின்றது. கன்ஸ்ட்ரெயின்ட்.

சால்ட் லேக் குவார்ட்டர்ஸில் நமக்கு இடையே ஒரு சுவர்தான். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். பிற்பகல்தோறும் ஆங்கிலத்தைத் தனியே உட்கார்ந்து கற்றேன். அதில் எனக்கு இன்றும் கர்வம் உண்டு. நீ என் ஆசிரியை அல்ல. உனக்கு எழுத்துக்கூட்டத்தான் தெரியும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, தமிழ்ப் பொருளை விரலால் மறைத்து, ஒவ்வொரு சொல்லாக என்னைக் கேட்பாய். தவறாகச் சொன்னால் என் தலையில் ஒரு குட்டு.

அன்று அந்தச் சொல் வந்தது. தடை, நிர்ப்பந்தம், நெருக்கடி, கூச்சம் கலந்த அடக்கம் என்று நான்கும் சொன்னேன்.

"ஒத்தச் சொல்லுக்கு நாலு அர்த்தமா? ஒண்ணொண்ணா ஆளக் காட்டுட்டி."

குழாயில் அரை மணிதான் தண்ணீர் வருகிறதே, அது தடை என்றேன். கணவர்மாருக்கு மாற்றல் வந்ததும் நம்மைக் கேளாமலே நாம் பெட்டி கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தோமே, அது நிர்ப்பந்தம். மாதக் கடைசியில் கையில் காசு தீர்ந்துபோகிறதே, அது நெருக்கடி. நான்காவதற்கு நீயே முந்திக்கொண்டாய்.

"ஒன் மாமியா வந்து சோபாவுல உக்காந்தா சிரிப்ப முழுங்கிட்டு நிப்பியே, அதான?"

அலுவலகக் கடிதங்களில் இதற்கு இன்னொரு பயன் உண்டு, காரணம் எதையும் சொல்லாமலே கௌரவமாக மறுத்துவிடலாம் என்று விளக்கினேன்.

"அப்பம், பொய்க்குக் கோட்டு மாட்டி விடுததுன்னு சொல்லு" என்றாய். வயிறு வலிக்கச் சிரித்தோம்.

பின்னர் நீ கரக்பூரில் மகன் வீட்டுக்குப் போனாய். நாங்கள் இங்கே வந்தோம். ஒரு நாள் அழைத்தாய். மார்பில் கட்டி, அறுவை முடிந்துவிட்டது.

"இனி அஞ்சு வாரம், சனி ஞாயிறு போக தெனமும் கரண்டு வைக்கணுமாம். ஆசுபத்திரி ஒங்க வீட்டுக்குக் கிட்டதான். ஒரு ஓரமாப் பாயப் போட்டுப் படுத்துக்கிடுதேன்ட்டி."

அவரைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னேன். கேட்டேன். "இதுல கேக்க என்ன இருக்கு? வரச் சொல்லு" என்றார். எங்கள் மகன் வெளிநாட்டில் இருக்கிறான். அவன் அறை, கட்டிலும் மெத்தையுமாக, மூன்றாண்டாகக் காலியாகவே கிடந்தது.

தடுத்தது வேறு. இந்த அடுக்ககத்துப் பெண்கள் வாரந்தோறும் எங்கள் வரவேற்பறையில் கூடி ஆங்கிலப் புத்தகம் வாசிக்கிறோம். "நீங்கள் எம்.ஏ.வா?" என்று முதல் நாள் ஒருத்தி கேட்டபோது நான் புன்னகைத்தேன், மறுக்கவில்லை. அன்றிலிருந்து நான் எம்.ஏ. நீ வந்தால் அவர்கள் நடுவே அமர்ந்து, அகராதிக் கதையைக் குட்டு உட்பட உரக்கச் சொல்வாய். பெருமையாகத்தான் சொல்வாய். அதையே நான் அஞ்சினேன்.

மறுநாள் செய்தி அனுப்பினேன்: "தற்சமயம் எங்கள் இல்லத்தில் சில கன்ஸ்ட்ரெயின்ட்ஸ் காரணமாக உன்னை வரவேற்க இயலாத நிலையில் உள்ளோம்." ஒற்றுப்பிழை உண்டா என்று இருமுறை சரிபார்த்த பின்பே அனுப்பினேன். அவரிடம், நீயே வேறு இடம் பார்த்துக்கொண்டதாகச் சொன்னேன்.

"சரிட்டி. நீ ஒடம்பப் பாத்துக்க" என்று பதில் வந்தது.

ஐந்து வாரமும் உனக்கு, கரக்பூரிலிருந்து விடியற்காலை ரயிலில் ஹௌரா, அங்கிருந்து பேருந்து, சில நிமிடக் கதிர்வீச்சுச் சிகிச்சை, மறுபடி அதே வழி. என் பால்கனியிலிருந்து பார்த்தால் அந்த மருத்துவமனையின் மேல்மாடி தெரியும். ஒரு நாளும் நான் அங்கே வரவில்லை. வந்தால் வீட்டுக்கு அழைக்க வேண்டியிருக்கும்.

அடுத்த மழைக்காலத்துக்குள் நீ போய்விட்டாய். காரியத்துக்குக் கரக்பூர் வந்தேன். உன் கணவர் என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். அவர் பார்வையில் கோபத்தைத் தேடினேன், இல்லை.

"அவளுக்குக் கடைசி வரைக்கும் ஒங்க கவலதான் மைனி. 'அவ சும்மா அப்பிடி எழுத மாட்டா. வீட்டுல என்னமோ பெரிய கஷ்டம், வாயத் தொறந்து சொல்ல மாட்டேங்கா'ன்னு சொல்லிக்கிட்டே கெடந்தா. ரெண்டு பேரும் இங்க வந்து இருக்கட்டும், மாடி ரூம ஒழிச்சுப் போடுங்கன்னா. ஒழிச்சுப் போட்டோம்."

படியேறிக் காட்டவும் செய்தார். கூட்டித் துடைத்த தரை, இரண்டு தலையணை, இரண்டுக்கும் புது உறை. தையல் உன்னுடையது. அந்த உடம்போடு, கை தூக்க முடியாத நாட்களில் தைத்திருக்கிறாய். நீ நம்பினாயா, என் மானத்தைக் காப்பதற்காக நம்பியதாய்க் காட்டினாயா, இன்றளவும் எனக்குத் தெரியாது.

"இப்பம் ஒங்க கஷ்டமெல்லாம் தீந்துட்டா, மைனி?"

"தீர்ந்துவிட்டது" என்றேன்.

"அவ இருந்து கேட்டிருந்தா சந்தோசப்பட்டிருப்பா" என்று அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அவருக்கு உண்மையை எழுத வேண்டுமென்று அதன் பிறகு எத்தனையோ முறை உட்கார்ந்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் நீளமான, பிழையற்ற வாக்கியங்களே வருகின்றன, எல்லாவற்றையும் கிழித்துவிடுகிறேன். இந்தக் கட்டடத்தில் எவருக்கு எந்தக் கடிதம் வேண்டுமானாலும் கால் மணியில் எழுதித் தருபவள் நான். 'அறை இருந்தது' என்று இரண்டு சொல் எழுத எனக்கு இன்னும் கை வரவில்லை.