இடது பக்கத்துக் கரை

இன்று காலை தறியில் உன் இடத்தில் உட்கார ஒரு பெண் கூலிக்கு வந்தாள். தோள்வலிக்கு நீ தேய்க்கும் அதே தைலம். அந்த வாசனை வந்ததும் என் கை நின்றுவிட்டது. "இன்னா அண்ணா, உடம்பு சரியில்லியா?" என்றாள். நூல் அறுந்துவிட்டது என்றேன். பொய் எனக்குச் சுலபமாக வரும். உன்னைவிட யாருக்குத் தெரியும்?

நமக்குக் கல்யாணமாகி மூன்றாம் வருஷம் அது. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் வைத்த சேலை. தறியில் இரண்டு பேர் உட்கார்ந்தால்தான் கரையை உடலோடு கோர்க்க முடியும். வலது கரை உன்னுடையது, இடது கரை என்னுடையது. மத்தியானமே குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். "எழுந்து போய்ப் படு" என்றாய். நான் கேட்டால்தானே! ஒரு முழத்துக்கு இடது பக்கம் கோர்வையே விழவில்லை.

சேலையைக் கொடுக்க நாம் இருவரும் போன கடையில் முதலாளி இரண்டு கட்டைவிரலையும் வைத்து இழுத்தார். கரை பிளந்துகொண்டு நின்றது. "யாருய்யா போட்டது இது?" மடித்துப் போட்ட சேலையில் எது யார் பக்கம் என்பது நம் இருவருக்கு மட்டும்தான் தெரியும். நான் உன்னைக் கை காட்டினேன். "பொம்பளைய நம்பி உட்டா இப்டித்தான்" என்று அங்கிருந்த ஒருவன் சிரித்தான். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன். சீ, என்ன ஜென்மம் நான்!

பிள்ளையார்பாளையம் வரைக்கும் எனக்குப் பத்தடி முன்னால் நடந்தாய். வீட்டுக்குள் வந்துதான் வாயைத் திறந்தாய்.

"குடிச்சதக் கூடப் பொறுத்துக்குவேன். நாலு பேரு முன்னாடி என்னை மாட்டி உட்டியே. இந்தப் பாவு முடியற வரைக்கும்தான் உன்கூட இருப்பேன்."

தறியில் நீளவாக்கில் கட்டிய பாவு நூலில் நெய்ய இன்னும் இரண்டு சேலை பாக்கி. ஒரே தறியில் தோளுக்குத் தோள் உட்கார்ந்து நெய்தோம். முடிந்துவிடுமே என்று பயந்து நான் டீக்கடைக்கும் வீட்டுக்கும் அலைந்தேன். "இன்னாத்துக்கு இழுத்துக்கினு இருக்க? நெய்யி" என்றாய்.

கடைசிச் சேலையைத் தறியிலிருந்து அறுத்த மறுநாள் காலை வாலாஜாபாத் பஸ் ஏறி உன் அண்ணன் வீட்டுக்குப் போனாய். சாயங்காலமே திரும்பி வந்தாய். முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து, பழைய பாவின் நுனியில் புதுப் பாவை இழை இழையாகப் பிணைக்க ஆரம்பித்தாய். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஓடிப்போய் மல்லிகைப்பூ வாங்கி வந்தேன். மன்னித்துவிட்டாய், இனி மன்னிப்புக் கேட்கும் வேலை மிச்சம் என்று நினைத்தேன்.

அப்புறம் இருபது வருஷம் அதையே கேலியாக்கினேன். வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "பாவு முடிஞ்சதும் போயிடுவேன்னா, இன்னும் முடியல பாரு" என்பேன். நீ சிரித்ததில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் நீ கிடந்தபோதும் அந்தக் கேலியை எடுத்தேன். மெதுவாகத்தான் சொன்னாய்: "எங்க போறது? அண்ணன் வீட்ல கேட்டேன். இடமில்லன்னு சொல்லிட்டாங்க. அதான் வந்தேன்."

நாலாம் நாள் அந்தக் கட்டிலிலேயே போய்விட்டாய்.

போன வாரம் நம் பெண் போன் செய்தாள். புருஷன் எல்லார் எதிரிலும் கை நீட்டிவிட்டானாம். "உங்கம்மா மாதிரி பொறுத்துக்கோன்னு மாமியார் சொல்றாங்க. நீயும் அதான் சொல்லுவியாப்பா?" என்று அழுதாள். கேலியாகவே கேட்டு வளர்ந்த கதையை அன்றைக்குத்தான் அவளுக்கு உள்ளபடி சொன்னேன். குடித்தது, கை காட்டியது, உன் அண்ணன் வீடு, ஒன்றையும் விடவில்லை. "உங்கம்மா பொறுத்துக்கல. போறதுக்கு இடமில்லாம இருந்தா. உனக்கு இருக்குதும்மா, கெளம்பி வா" என்றேன்.

பிறகு கேட்டாள்: "இதெல்லாம் தப்புன்னு அம்மாகிட்ட ஒருவாட்டியாவது சொன்னியாப்பா?"

இல்லை என்றேன். அவளிடம் பொய் வரவில்லை.