ஹேசல்கிறீக் மண்டபத்தில் மறேட்டின் கதிரை

அனுப்புநர்:
பேர்ணடெற் மடுத்தீன்,
டோர்செட் பார்க், ஸ்காபுறோ,
ரொறன்ரோ.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
மண்டப அனுமதிப் பிரிவு,
ஹேசல்கிறீக் சமூக நிலையம்,
ரொறன்ரோ.

பொருள்: ஞாயிற்றுக்கிழமை ஐரிஷ் இசைக்கூடலுக்கு நிறுத்தப்பட்ட மண்டப அனுமதியை, வரும் 16ஆம் திகதிக்கு முன் மீள வழங்கும்படி வேண்டுதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

முறைப்பாடுகளைத் தமிழிலும் எழுதலாம் என்று உங்கள் நிலையத்தின் வாசலில் ஓர் அறிவித்தல் ஒட்டப்பட்டிருக்கிறது. எனக்கு ஆங்கிலம் தெரியும். கணக்கியல் படித்து, அந்த மொழியில்தான் வேலை செய்கிறேன். ஆனால் இரண்டு முறை ஆங்கிலத்தில் எழுதிப் பார்த்தபோது, எல்லாம் ஒழுங்காக இருந்தது, சொல்ல வந்தது மட்டும் இருக்கவில்லை. ஆகவே தமிழில் எழுதுகிறேன். இந்த மனு யாருக்காக எழுதப்படுகிறதோ, அவருடைய மொழி உங்கள் அறிவித்தலில் இல்லை.

1. அவர் என் மாமியார் மறேட். வயது எண்பத்து மூன்று. அயர்லாந்தின் மேற்குக் கரையில், ஐரிஷ் மட்டும் பேசிய வீட்டில் பிறந்தவர். இளம் வயதில் இங்கு வந்து, வைத்தியசாலை ஒன்றின் சலவைப் பகுதியில் வேலை செய்து, என் கணவர் டெக்லனைத் தனியாக வளர்த்தார். டெக்லன் மூன்று வருடங்களுக்கு முன் மாரடைப்பில் இறந்துவிட்டார். அடுத்த வருடம் மாமிக்குப் பாரிசவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பின. ஆங்கிலம் திரும்பவில்லை. பிறந்த மொழி மட்டும் மிஞ்சியது. அந்த மொழி எனக்குத் தெரியாது. டெக்லனுக்கே அரைகுறையாகத்தான் தெரிந்திருந்தது.

நான், என் மகள் றெபேக்கா, மாமி மூவரும் தொடர்மாடி வீடொன்றில் வசிக்கிறோம். மாலையில் நான் செபமாலையைத் தமிழில் தொடங்குவேன். மறுபாதியை மாமி தன் மொழியில் சொல்வார். ஒரே செபம் என்பதால் எங்கே நிறுத்த வேண்டும் என்று இருவருக்கும் தெரியும். வீட்டில் அவர் வாய் திறப்பது அதற்கு மட்டும்தான். இப்போது அதுவும் நின்றுவிட்டது.

2. உங்கள் நிலையத்தின் பின் மண்டபத்தில் ஞாயிறு பிற்பகல்களில் பத்துப் பதினைந்து பேர் கூடுவார்கள். வயலின், புல்லாங்குழல், ஆட்டுத்தோல் போர்த்த ஒரு கைமேளம். இது கச்சேரி அல்ல. மேடையோ ஒலிவாங்கியோ இல்லை. ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்குவார், தெரிந்தவர்கள் சேர்ந்துகொள்வார்கள், தெரியாதவர்கள் தேநீர் குடிப்பார்கள். பிள்ளைகள் சுவரோரம் பலகை போட்டு, கைகளைத் தொங்கவிட்டபடி கால்களால் மட்டும் ஆடுவார்கள். றெபேக்காவும் அவர்களில் ஒருத்தி.

அங்கு வருபவர்களில் ஐரிஷ் மொழியைச் சரளமாகப் பேசுபவர் கொலம் என்ற முதியவர் ஒருவரே. மாமியின் ஊருக்குப் பக்கத்து ஊர்க்காரர். இசை தொடங்கிச் சற்று நேரம் போனபின் மாமி ஒரு பாட்டுப் பாடுவார். பாடி முடித்ததும் பேசுவார். கொலம் கேட்பார், மாமி சொல்வார், கொலம் அதை எனக்கு ஆங்கிலத்தில் சொல்வார். சென்ற இலையுதிர் காலத்தில் மாமி உணவை மறுத்தபோது வைத்தியர்கள் அது மனச்சோர்வு என்றார்கள். அந்த வார ஞாயிறு, பாட்டு முடிந்தபின் அவர் கொலமிடம் சொன்னது, கட்டுப்பல் ஈறை வெட்டுகிறது என்பது. பல் வைத்தியர் அதை அராவிக் கொடுத்தார். மாமி அன்று மாலையே சூப்பையும் பாணையும் கை காட்டி வாங்கிச் சாப்பிட்டார்.

3. ஜனவரியில் உங்கள் கண்காணிப்பாளர் ஒருவர் வந்து பார்த்துவிட்டுப் போனார். எல்லோருக்கும் திறந்த நிகழ்ச்சியாக இது இல்லை, முதியவர் ஒருவரின் பாதுகாப்புப் பற்றியும் ஐயம் இருக்கிறது என்ற அவருடைய அறிக்கையின்மேல் அனுமதி நிறுத்தப்பட்டது. கொலமும் மற்றவர்களும் இரண்டு மின்னஞ்சல்கள் அனுப்பினார்கள். செப்டெம்பரில் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று பதில் வந்தது. அறிக்கையின் பிரதியை நான் பலமுறை வாசித்தேன். அதில் பொய் எதுவும் இல்லை. கண்ணால் கண்டதைத்தான் எழுதியிருக்கிறார். அதனால்தான் இவ்வளவு நீளமாக விளக்க வேண்டியிருக்கிறது.

(அ) "பங்குபற்றுவோர் வருகையாளர்களுக்கு முதுகைக் காட்டி அமர்ந்திருந்தனர்." உண்மை. டெக்லன் என்னை முதன்முதலில் இப்படியொரு கூடலுக்கு அழைத்துப்போனபோது நானும் ஒரு வட்டம் முதுகுகளைத்தான் பார்த்தேன். இந்தக் கறுத்த பெண் எதற்கு வந்தாள் என்று நினைக்கிறார்கள் போலும் என்று எண்ணி, கோட்டைக் கழற்றாமலே இருந்தேன். பிறகுதான் விளங்கியது. அவர்கள் யாருக்காகவும் வாசிப்பதில்லை. ஒருவர் கையை மற்றவர் பார்த்து வாசிக்க வேண்டும், அதனால் உள்நோக்கி இருக்கிறார்கள். யாராவது கதிரையை இழுத்துக்கொண்டு வந்தால் வட்டம் தானாக அகலும். நிலையத்துக்குப் பக்கத்துக் கட்டடத்தில் வசிக்கும் இரத்தினவேல் அண்ணை, ஒருநாள் கோபத்தோடு கதவைத் தட்டினார். சத்தத்துக்கு மன்னிப்புக் கேட்கப் போனேன். "சத்தம் பிரச்சினையில்லை தங்கச்சி, உங்கட மேளகாரன் தாளத்தை விட்டிட்டு முன்னால ஓடுறான், அதைத்தான் தாங்கேலாமல் கிடக்கு" என்றார். இன்று அந்தக் கைமேளத்தை வாசிப்பவர் அவர்தான். மிருதங்கம் படித்த கை. பழைய மேளகாரர் தேநீர் போடுகிறார். இதை மூடிய கூட்டம் என்று எப்படிச் சொல்வது?

(ஆ) "வெற்றுக் கதிரை ஒன்றில் அமர்ந்தபோது எழும்பும்படி கேட்கப்பட்டேன்." இதுவும் உண்மை. கதவருகே இருக்கும் அந்தக் கதிரைக்குக் கைப்பிடி உண்டு. சக்கர நாற்காலியிலிருந்து மாமி மாறி அமரக்கூடிய கதிரை அது ஒன்றுதான். அன்று பனி கொட்டியதால் எங்கள் வாகனம் பிந்திவிட்டது. "அது மறேட்டின் கதிரை, உங்களுக்கு வேறு எடுத்து வருகிறேன்" என்றுதான் தான் சொன்னதாகக் கொலம் கூறுகிறார். அவர் அதை எடுத்து வருவதற்குள் உங்கள் அலுவலர் சுவரோரம் போய் நின்றுகொண்டார். கொலமின் குரல் இயல்பிலேயே கரகரப்பானது. காதும் மந்தம், ஆகையால் உரத்துப் பேசுவார். அலுவலருக்கு ஏற்பட்ட மனவருத்தத்துக்காக எல்லோர் சார்பிலும் வருந்துகிறேன்.

(இ) "கண்களை மூடிய நிலையில் துயரக் குரல் எழுப்பிய முதிய பெண் ஒருவரின் கையை ஆண் ஒருவர் பற்றி இழுத்துக்கொண்டிருந்தார். எவரும் தடுக்கவில்லை." ஐயா, அந்தப் பெண் மாமி, கையைப் பிடித்திருந்தவர் கொலம். அவர் பாடிக்கொண்டிருந்தார். வாத்தியமின்றித் தனியாகப் பாடும் அவர்களுடைய பழைய முறையில், பாடுபவர் கண்ணை மூடிக்கொள்வார். அருகில் இருப்பவர் அவருடைய கையைப் பிடித்து, நூல் சுற்றுவதுபோல் மெல்லச் சுழற்றிக்கொண்டே இருப்பார். பாட்டின் பாரத்தில் பாதியைத் தான் வாங்கிக்கொள்வதாகப் பொருள் என்று டெக்லன் சொல்லியிருக்கிறார். எவரும் தடுக்கவில்லை என்பது மெய். பாட்டு நடக்கும்போது யாரும் கோப்பையைக்கூடக் கீழே வைப்பதில்லை. மாமியின் பாதுகாப்புக்காகத்தான் மண்டபம் மூடப்பட்டது என்பதை வாசித்த அன்று, எனக்கு யார்மீது கோபப்படுவது என்றே தெரியவில்லை.

4. மண்டபம் மூடப்பட்டபின் மாமி ஒரு சொல்லும் பேசவில்லை. கொலமும் இன்னொருவரும் வயலினோடு எங்கள் வீட்டுக்கு இரண்டு முறை வந்தார்கள். படுக்கையருகே ஒற்றை வயலின் ஒலித்தபோது, மாமி அவர்களை வைத்தியர்கள் என்று எண்ணினாரோ என்னவோ, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தொலைபேசியில் கொலமின் குரல் கேட்டால் அதைத் தள்ளிவிடுகிறார். நகரின் நடுவே இதே போன்ற கூடல்கள் மதுச்சாலைகளில் நடக்கின்றன. நான் விசாரித்த இரண்டுக்கும் படிகள் உண்டு. வைத்தியசாலையின் மொழிபெயர்ப்புச் சேவையில் ஐரிஷ் இல்லை. ஆங்கிலம் தெரியாத ஐரிஷ்காரர் இருப்பார் என்று யாரும் நினைத்திருக்கவில்லை.

நானே ஒருநாள் மாமியின் கையைப் பிடித்துச் சுழற்றிப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறந்து என் கையைப் பார்த்தார். பிறகு தன்னுடையதை இழுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.

5. மூன்று வாரங்களாக அவர் உண்பது மிகக் குறைவு. வாய், தொண்டை, வயிறு எல்லாம் பார்த்தாகிவிட்டது. காரணம் தெரியவில்லை. வயிற்றில் குழாய் வைத்து உணவூட்டுவதா, அல்லது நோவில்லாமல் வைத்துக்கொண்டு அப்படியே விடுவதா என்று வைத்தியர் என்னைக் கேட்கிறார். 19ஆம் திகதிக்குள் சொல்ல வேண்டும். டெக்லன் இருந்திருந்தால் மகன் என்ற உரிமையில் ஒன்றைச் சொல்லியிருப்பார். நான் சட்டப்படி கையொப்பமிடலாம். ஆனால் எதைத் தேர்ந்தாலும், அவர் வாய் திறந்து சொல்லியிருக்கக்கூடியதைக் கேட்காமல் தேர்ந்தவளாகவே வாழ்நாள் முழுவதும் இருப்பேன். மீண்டும் ஒரு கட்டுப்பல் போன்ற சிறு காரணமாக இருந்தால்? அல்லது, போதும் என்னை விடுங்கள் என்பதுதான் அவர் சொல்ல நினைப்பது என்றால்? இரண்டையும் கேட்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். கேட்காமல் இருக்கத்தான் என்னால் முடியவில்லை.

6. அந்தத் திகதிக்கு முன் இருப்பது ஒரேயொரு ஞாயிறு, 16ஆம் திகதி. அதற்கு முதல்நாள் உங்கள் முன்மண்டபத்தில் பச்சைத் தோரணங்களோடு ஐரிஷ் பண்பாட்டு விழா நடக்கவிருப்பதையும், மேடையில் சில நிமிடங்கள் வாசிக்கும்படி இதே கலைஞர்கள் அழைக்கப்பட்டிருப்பதையும் அறிவேன். அழைப்புக்கு நன்றி. சபையைப் பார்த்து வாசித்தால் இடமுண்டு, ஒருவரையொருவர் பார்த்து வாசித்தால் இடமில்லை என்பதை மட்டும் நீங்கள் ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும். மேடையின் முன், ஒலிபெருக்கிச் சத்தத்தில், மாமி பேச மாட்டார்.

மண்டபம் திறந்தால் அவர் பேசுவார் என்று நான் உறுதி தர முடியாது. ஏன் அங்கு மட்டும் பேசுகிறார் என்பதும் எனக்குத் தெரியாது. அவர் பேசிய இடம் அது ஒன்றுதான் என்பது மட்டும் தெரியும்.

ஆகவே, 16ஆம் திகதி பிற்பகல் பின் மண்டபத்தைத் திறந்துவிடும்படி வேண்டுகிறேன். நிரந்தர அனுமதியைப் பற்றிப் பிறகு முடிவு செய்யுங்கள். இந்த ஒரு ஞாயிறு போதும் என்று சொல்லும் நிலையில் நான் இருக்கிறேன். பாதுகாப்புப் பற்றிய ஐயம் இருந்தால் அதே கண்காணிப்பாளரை அனுப்புங்கள். மாமியின் கதிரைக்குப் பக்கத்தில், கொலமுக்கு எதிர்ப்புறமாக, ஒரு கதிரை போட்டு வைப்போம். மாமிக்கு இரண்டு கைகள் இருக்கின்றன. உங்கள் அலுவலர் வரும்வரை அந்தக் கதிரையில் வேறு யாரையும் இருக்க விடமாட்டோம்.

உங்கள் பதிலுக்காகக் கைத்தொலைபேசியை அணைக்காமல் வைத்திருக்கும்,

(ஒப்பம்)
பேர்ணடெற் மடுத்தீன்

இடம்: ஸ்காபுறோ, ரொறன்ரோ
திகதி: 10 மார்ச் 2025