திங்கட்கிழமை உஃபீஸி

லாப்போ,

அடுப்பில் பீன்ஸ் சூப் இருக்கிறது. மிலானிலிருந்து வந்த உன் பழைய தோழி ஃபியம்மெத்தா இன்னும் கூடவே இருந்தால் அவளுக்கும் ஊற்று. நான் அக்கா வீட்டுக்குப் போகிறேன்.

கல்யாணம் ஆனதிலிருந்து உஃபீஸி மியூசியத்துக்குக் கூப்பிடுகிறேன். "அது டூரிஸ்ட்டுங்க போற இடம். ஃப்ளாரன்ஸ்காரன் எவனாவது உள்ள போவானா?" என்பாய். அவள் போன் பண்ணியதும், "திங்கக்கெழம வா, ஒவ்வொரு படமா நானே காட்டுறேன்" என்று குழைந்தாய். நீலச் சட்டையை நீயே இஸ்திரி போட்டாய். எனக்காக என்றைக்காவது போட்டிருக்கிறாயா?

திங்கட்கிழமை உஃபீஸிக்கு விடுமுறை. உள்ளே போகாத ஊர்க்காரனுக்கு அது எப்படித் தெரியும்? எனக்குத் தெரியும். காலையில் உங்கள் இருவருக்கும் கையசைத்தேனே, அப்போதும் தெரியும்.

ஒர்னெல்லா

பி.கு: நாளைக்கு உஃபீஸிக்கு நம் இருவருக்கும் டிக்கெட் எடுத்திருக்கிறேன். அவள் இன்றே ரயிலேறிவிடுவாள். அந்தச் சட்டையைக் கழற்றி மாட்டி வை, கசங்கிவிடப் போகிறது.