தென் அமெரிக்காவைக் கேட்ட காது

மானம் போகிற செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக் கூடத்தில் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேனே, தென் அமெரிக்க வானொலி நிலையம் ஒன்று என் பெயருக்கு அனுப்பிய அட்டை, அந்த நிலையத்தை நான் ஒரு நொடிகூடக் கேட்டதில்லை. கேட்டதாகத்தான் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம் முப்பது வருஷமாகச் சொல்லிவருகிறேன். உண்மை தெரிந்தவன் நீ ஒருத்தன். நீயும் போய்விட்டாய்.

நேற்று இராஜபாளையத்திலிருந்து உன் வீட்டு மதினி ஒரு பை கொடுத்தனுப்பினார்கள். உள்ளே உன் வானொலி நோட்டு, பேண்டேஜ் துணியில் சுற்றி. பிரித்ததும் பிளீச்சிங் வாசனை குப்பென்று அடித்தது. நீ வந்து நின்ற மாதிரியே இருந்தது. பேண்டேஜ் கம்பெனிக்காரன் சட்டைக்கு வேறு என்ன வாசனை இருக்கும்?

எண்பதுகளின் கடைசியில் ஊரே டி.வி. ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, நாம் இரண்டு பேர் மட்டும் சிற்றலை வானொலியின் முள்ளை மயிரிழை மயிரிழையாக நகர்த்திக்கொண்டிருந்தோம். இன்ன நேரம், இன்ன அலைவரிசை, இன்னது கேட்டோம் என்று எழுதிப்போட்டால், ‘நீங்கள் கேட்டது எங்களைத்தான்’ என்று நிலையத்திலிருந்து ஒரு வண்ண அட்டை வரும். ஒலியின் வலிமைக்கு ஐந்துக்கு இத்தனை என்று மதிப்பெண்ணும் போட வேண்டும். நான் தாராளமாகப் போடுவேன். நீ பரீட்சைப் பேப்பர் திருத்துகிறவன் மாதிரி இரண்டுக்கு மேல் தரமாட்டாய். “கேக்காததை எழுதாதல. அங்கன ஒருத்தன் நம்மள நம்பிப் படிக்கான்” என்பாய்.

உன் மொட்டைமாடியில்தான் ஏரியல் கம்பி. ஒரு கோடை முழுக்கக் காலை ஏழு மணியானால் எல்லா நிலையமும் கிணற்றில் விழுந்த மாதிரி முனகின. ஸ்ரீவில்லிபுத்தூரில் கிளார்க் வேலை பார்த்த விஞ்ஞானியாகிய நான், சூரியனில் ஏதோ கோளாறு என்று மூன்று நாடுகளுக்குக் கடிதம் எழுதினேன். ஒரு நாட்டிலிருந்து வருத்தம் தெரிவித்துப் பதில்கூட வந்தது. நீ மாடிக்கு ஏறிப் பார்த்தாய். பக்கத்து வீட்டு அக்கா நம் கம்பியில் ஈரப் பேண்டேஜ் துணியை வரிசையாகக் காயப்போட்டிருந்தார்கள். “கொடி எம்புட்டு நீளம், சும்மாதான கெடக்குன்னு போட்டேன் தம்பி!” இறங்கி வந்து என்னிடம் சொன்னாய்: “வானத்தைக் குத்தம் சொல்லுததுக்கு முந்தி மாடிக்கு ஏறிப் பாருல.”

அந்த வருஷம்தான் எனக்கு வத்திராயிருப்பில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பாவும் சிற்றலைப் பைத்தியம் என்பது தெரிந்ததும் என் வாய் சும்மா இருக்குமா? ஆறு கண்டத்து அட்டையும் என்னிடம் இருப்பதாக அளந்துவிட்டேன். இருந்தது ஐந்து. அவருக்கே தென் அமெரிக்கா அகப்படவில்லையாம். மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்படியா? தை பொறக்கட்டும். அந்த அட்டையோட வாரும், மத்ததைப் பேசுவோம்” என்றார். அட்டை இல்லாவிட்டால் பெண்ணும் இல்லை. எனக்கோ அந்தப் பெண்ணைப் பிடித்துப்போயிருந்தது. என் புளுகை அவள் மட்டும் நம்பவில்லை என்பது அவள் சிரிப்பிலேயே தெரிந்ததால் கூடுதலாகப் பிடித்திருந்தது.

அவ்வளவு தொலைவு விடியற்காலையில்தான் எட்டும் என்றாய். பத்து நாள் உன் வீட்டிலேயே தங்கினேன். பத்தாவது நாள் வானொலிப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வாயைப் பிளந்து தூங்கிவிட்டேன். பளபளவென்று விடிந்த பிறகு உலுக்கினாய்.

“ஏலே, எந்திரி. தென் அமெரிக்கா வந்துட்டுப் போயிட்டான்.”

“என்னைய எழுப்பவேண்டாமால?”

“எழுப்புனா உன் கொட்டாவிச் சத்தத்துல அவன் ஓடியிருப்பான். இந்தா, எழுதிட்டேன். கையெழுத்தைப் போடு.”

ஆண் குரல், பிறகு கிடார், மறுபடி அதே ஆண் குரல், வலிமை இரண்டு. என்ன கூர்மையான காது உனக்கு என்று வியந்தேன். இருந்தாலும், “கேட்டது நீ. அட்டை எனக்கா?” என்று ஒப்புக்கு இழுத்தேன்.

“காது யாருதா இருந்தா என்னல? கலியாணம் ஒனக்குத்தான.”

மார்கழிக் கடைசியில் அட்டை வந்தது. தையில் பேச்சு முடிந்தது. மாமனார் தாம்பூலத் தட்டைவிட அந்த அட்டையைத்தான் அதிக நேரம் கையில் வைத்திருந்தார். நீ பந்தியில் எனக்கெதிரே உட்கார்ந்து ஒன்றுமே தெரியாதவன் போல அப்பளம் நொறுக்கிக்கொண்டிருந்தாய்.

சிற்றலை நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடிவிட்டார்கள். இன்றும் வீட்டில் அவள் முகம் கடுகடுவென்றிருந்தால் நான் வானத்தைக் குறை சொல்வதில்லை. மாடிக்கு ஏறிப் பார்க்கிறேன். பெரும்பாலும் நான் போட்ட ஈரத் துணி ஏதாவது அங்கே தொங்குகிறது. இந்தப் புத்தியும் இந்தக் குடும்பமும் உன்னால் வந்தவை. உன் காது கேட்ட அந்த ஐந்து நிமிஷத்தில்தான் என் வாழ்க்கை நடக்கிறது என்று நன்றியோடு உன் நோட்டைப் புரட்டினேன். அந்தப் பத்தாவது நாளின் பக்கம் அகப்பட்டது. உன் மணிமணியான கையெழுத்தில் இரண்டே வரி:

“தென் அமெரிக்கா: இன்னைக்கும் வரலை, வெறும் இரைச்சல்.

இவன் குறட்டை: வலிமை ஐந்து.”