அண்ணி, உங்கள் பெயரை மாற்றச் சொல்கிறார்கள்

கம்பெனித் தூசி போகத் தலைக்கு ஊற்றிக்கொண்டு, முடி காய்வதற்குள் "இன்னைக்கு யாரு கதைடி கொண்டாந்த?" என்று கேட்கும் என் செல்வி அண்ணிக்கு,

இப்போது அப்படிக் கேட்க வீட்டில் ஆளில்லை. கிளை நூலகத்திலிருந்து இன்னமும் புத்தகம் எடுத்து வருகிறேன். போன வாரம் ஒரு லாரி டிரைவர் தன் வாழ்க்கையைத் தானே எழுதியது. நல்ல இடம் வந்தால் "அண்ணி, இதக் கேளுங்க" என்று வாய்வரை வந்துவிடுகிறது. நிமிர்ந்தால் எதிரே அண்ணன், நீங்கள் போன பிறகு வந்த அரசாங்கக் கலர் டிவியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மூடி வைத்துவிடுகிறேன்.

சேலம் ரயில் அகலப் பாதையில் ஓடத் தொடங்கிவிட்டது. அண்ணனுக்கு இங்கே பக்கத்து மங்களூரில் பெண் பார்க்கிறார்கள். செராமிக் கம்பெனியில் உங்கள் இடத்தில் வேறொரு பெண் உட்கார்ந்து, அச்சிலிருந்து எடுத்துக் காயவைத்த பொம்மைகளின் பிசிறைக் கத்தியால் சுரண்டுகிறாள். உங்களைப் போலவே முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்கிறாள். ஒழுங்கான ஒரு முகமூடி வாங்கிக் கொடுக்க முதலாளிக்கு இன்னமும் மனசு வரவில்லை. உங்களுக்கு ஒட்டிய போஸ்டரில் 'இயற்கை எய்தினார்' என்று போட்டிருந்தார்கள். பொம்மைத் தூசியைத் தின்று நுரையீரல் போனதில் இயற்கை எங்கே வந்தது?

கதைப் புத்தகம் கொடுத்தால் நீங்கள் தொடமாட்டீர்கள். "நெஜமா நடந்ததா?" என்பதுதான் முதல் கேள்வி. ஒரு தலைவரின் வரலாற்றைப் படித்துக் காட்டியபோது பாதியில் நிறுத்தினீர்கள்.

"அவரு ஜெயிலுக்குப் போனாரு, செரி. அவரு திரும்பி வர்ற வரைக்கும் அவரு வீட்டம்மா எப்பிடி அடுப்பு எரிச்சாங்க? அத எழுதல பாரு."

"எழுதனவருக்குத் தெரியாதோ என்னமோ."

"அந்தம்மாவக் கேட்டா சொல்லியிருப்பாங்க. கேக்கல."

அண்ணன் கிண்டல் செய்வார். "ஊரு வம்ப அச்சடிச்சு விக்கறானுங்க. நாத்தனாரும் அண்ணியும் ஒக்காந்து படிக்குதுங்க." உங்களுக்குக் கோபம் வரும். "வம்புன்னா ஆளு இல்லாதப்ப பேசறது. இதுல அவங்களே வந்து சொல்றாங்க." அந்த வித்தியாசத்தை உங்களைத் தவிர எனக்கு யாரும் சொன்னதில்லை. நம் வீட்டிலோ தெருவிலோ யாரும் தனக்கு நடந்ததை வாய் திறந்து சொல்வதில்லை. அடி வாங்கினாலும் "வழுக்கி வுழுந்துட்டேன்" என்பார்கள். அச்சில் ஒருத்தி உள்ளதைச் சொன்னால், நமக்கும் யாரோ துணை இருப்பது போல இருந்தது.

அந்த வாரப் பத்திரிகை நினைவிருக்கிறதா? புருஷன் விட்டுப் போன பிறகு ரயிலில் முறுக்கு விற்றுப் பிழைத்த ஒரு பெண்ணின் உண்மைக் கதை. அடியில் பொடி எழுத்தில் 'பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன' என்று போட்டிருந்தார்கள். அதை நீங்கள் கம்பெனிக்குக் கொண்டுபோய் டீ நேரத்தில் படித்துக் காட்டினீர்கள். பொம்மை அச்சில் களிமண் கூழ் ஊற்றும் அஞ்சலை, "இது எங்க பெண்ணாடத்து மல்லிகாதான்" என்று அடித்துச் சொன்னாளாம். "போடி, இது நல்லூரு சரசு. எங்கூட ஸ்கூல்ல படிச்சவ" என்று நீங்கள் சண்டை போட்டீர்களாம். அந்த ஞாயிற்றுக்கிழமையே பூவும் பழமும் வாங்கிக்கொண்டு, என்னையும் இழுத்துக்கொண்டு நல்லூர் பஸ் ஏறினீர்கள்.

சரசு அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். "நானா? நான் எங்க முறுக்கு வித்தேன்? எனக்கு ஒழுங்கா சோறே வடிக்கத் தெரியாது. நான் கரும்பு வெட்டத்தான போனேன்!" சிரித்துவிட்டு, கேட்காமலே தன் கதையை ஆரம்பித்தார். கடைசி பஸ்ஸைக் கோட்டை விட்டோம். மறுநாள் திரும்பும்போது, "பேர மாத்தினதாலதான் அண்ணி நமக்கு இன்னொருத்தங்க கதை கெடச்சுது" என்றேன். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே கேட்டீர்கள். "செரி, முறுக்கு வித்தவள யாரு போயிப் பாக்கறது?"

அந்தக் கேள்விதான் இப்போது என் தலையில் உட்கார்ந்திருக்கிறது.

ஜங்ஷன் ரோட்டில் நான் டைப் அடிக்கும் கடைக்கு, சின்னப் பத்திரிகை நடத்தும் ஒருவர் பக்கங்களை அடிக்கக் கொடுக்க வருவார். உங்கள் வாழ்க்கையை எழுதி அவரிடம் காட்டினேன். "உருக்கமா இருக்குதும்மா. பேர மட்டும் மாத்திடலாம். மாலதின்னு வெச்சுக்கலாமா?" என்றார்.

"மாலதி யாரு சார்?"

"யாரோ. அதான் நல்லது. படிக்கறவங்க தனக்குத் தெரிஞ்சவங்கள நெனச்சுக்குவாங்க."

அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. நல்லூரில் அதை நானே பார்த்தேன். வீட்டில் அண்ணனும் அதையே சொன்னார், காரணம் வேறு.

"அவ பேரப் போட்டா கம்பெனி பேரப் போட்ட மாதிரிதான். நான் அங்கதான் சூளையில நிக்கறேன். மறுநாளே வெளிய அனுப்பிடுவான்."

"அண்ணி எதனால செத்தாங்க?"

"ஆஸ்துமா. டாக்டரு எழுதிக் குடுத்திருக்காரு."

"கம்பெனிக்குப் போறதுக்கு முன்னாடி இருந்துச்சா?"

டிவி சத்தத்தைக் கூட்டினார். அதிலிருந்து நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. நான் சோறு போடுகிறேன், அவர் சாப்பிடுகிறார்.

அந்தக் கட்டுரையை என் கையாலேயே அடிக்க வேண்டியிருந்தது. 'மாலதி இருமினாள்' என்று அடித்ததும் கை நின்றுவிட்டது. எந்த மாலதியும் என் தோளில் சாய்ந்து இருமவில்லை. ஒரு பெண்ணைத் தூசியால் கொன்றுவிட்டு, செத்த பிறகு அவள் பெயரையும் அவளிடமிருந்தே பிடுங்குவதா? செய்தவன் பெயர் கம்பெனி வாசலில் பெரிய போர்டாக நிற்கிறது. பட்டவள்தான் ஒளிய வேண்டுமா?

எல்லா இடத்திலும் 'செல்வி' என்று மாற்றினேன். பத்திரிகைக்காரர் பயந்தார். கம்பெனிப் பெயர் வேண்டாம் என்றார். அதற்கு மட்டும் ஒத்துக்கொண்டேன். நீங்கள் எங்கே வேலை பார்த்தீர்கள் என்பது ஊருக்கே தெரியும். "அப்ப கட்டுரையா வேணாம், கடிதமா எழுதிக் குடு. நினைவஞ்சலிக்கு எவனும் கேஸு போடமாட்டான்" என்றார். அதனால்தான் அண்ணி, நம் இரண்டு பேருக்குள் பேச வேண்டியதை ஊர் கேட்க இப்படிப் பேசிக்கொண்டிருக்கிறேன்.

இன்று காலை அண்ணன் ஷிப்டுக்குச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது, "அண்ணி பேரோடவே வருது" என்றேன். பொத்தானைப் போட்டு முடித்தார். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்:

"போடு. எனக்கு வேல போச்சுன்னா அதையும் நீயே எழுது. எம் பேரையும் மாத்தாத."

திட்டினாரா, சம்மதித்தாரா? உங்களுக்கு மட்டும்தான் அவர் குரலில் அந்த வித்தியாசம் தெரியும். எனக்குத் தெரியவில்லை. அவர் போன பிறகு வீட்டில் நான் மட்டும் நின்றுகொண்டிருந்தேன்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். வேலை போனால் எழுதுவேன். போகாவிட்டாலும் எழுதுவேன். அவரிடம் கேட்டு, அவர் சொன்னபடி, அவர் பெயரிலேயே.

உங்கள் நாத்தனார்,
பூங்கொடி