ஏழாவது நாற்காலி

மார்ச் 3

மளிகைக் கடையில் டார்லீன் ஹாய்ட். பள்ளி வாரியத்தின் தலைவி.

"டீச்சரம்மா, உன் குரல் முன் பெஞ்சுக்காவது கேக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்? வேலைக்கு வந்து இரண்டு வருடம்தான். ஐந்து வருடம் முடியும்வரை வாரியம் காரணமே சொல்லாமல் வேலையைவிட்டு அனுப்பலாம்.

மார்ச் 9

அப்பா வாரியத் தேர்தலில் நிற்கிறாராம்! எட்டாவதோடு தீவன மில்லுக்குப் போனவர். முற்றத்தில் நடுவதற்குப் பலகைகளில் தன் பெயரை எழுதிக்கொண்டே சொன்னார்: "அந்த ஏழு பேர்ல நானும் ஒருத்தனா உக்காந்துட்டா, உன்மேல எவ கை வைப்பா, பாப்பா?"

ஏப்ரல் 8

அப்பா ஜெயித்துவிட்டார். தோற்றவர் இதுவரை வாரியத்தில் அந்த இடத்தில் இருந்த ஆர்லன், பழைய மாட்டு டாக்டர். வந்து கைகுலுக்கினார். "உன் பொண்ணு நல்லா சொல்லித் தர்றா வெர்ன். என் பேரன் இப்பதான் புத்தகத்தையே தொடுறான்."

ஏப்ரல் 14

வாரியக் கூட்டம். அப்பா ஸ்பிரிங்ஃபீல்டு வரை போய் வாங்கிய டையோடு உட்கார்ந்திருந்தார். அடுத்த வருடமும் என்னை வைத்துக்கொள்வதா என்று என் பெயர் வந்ததும் டார்லீன் அப்பாவுக்குக் கதவைக் காட்டினாள்.

"சொந்தக்காரங்களுக்கு ஓட்டுப் போட்டா பதவியே போயிடும். சட்டம்ப்பா. வெளிய இரு."

வெளியே சாப்பாட்டுக் கூடத்தில், குழந்தைகளின் குட்டை பெஞ்சில், முழங்கால் நெஞ்சில் இடிக்க என் பக்கத்தில் உட்கார்ந்தார். உள்ளே சிரிப்பு.

கதவு திறந்தது. என்னை வைத்துக்கொள்ள மூன்று, வேண்டாமென மூன்று. சமமானால் தீர்மானம் தோல்வி.

"என்ன காரணம்?" என்றார் அப்பா.

"சொல்லணும்னு சட்டத்துல இல்ல வெர்ன்."

வண்டியில் அப்பா: "ஆர்லன் இருந்திருந்தா நாலு..."

நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஏப்ரல் 15

அப்பா ராஜினாமா செய்யப் போனார். "தாராளமா! அந்த இடத்துக்கு நாங்களே ஒரு ஆளைப் போட்டுக்குவோம். அதுக்கும் எங்களுக்கு அதிகாரம் இருக்கு" என்றாளாம் டார்லீன். திரும்பி வந்துவிட்டார். சாப்பிடவில்லை.

மே 12

வகுப்புச் சாவியைக் கொடுக்கப் போனேன். கூட்டம் நடந்துகொண்டிருந்தது. என் இடத்துக்குப் பக்கத்து ஊர்ப் பெண். கணீரென்ற குரல்.

"இதுல நீ ஓட்டுப் போடலாம் வெர்ன், அவ உனக்குச் சொந்தமில்லையே" என்றாள் டார்லீன். "என்ன யோசனை? பிள்ளைங்களுக்கு வாத்தியாரே வேண்டாமா?"

ஆறு கைகள் மேலே இருந்தன. அப்பா மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவர் கையும் எழுந்தது.

"அப்பா" என்றேன், பின் வரிசையிலிருந்து.

யாருக்கும் கேட்கவில்லை.