தலைகீழாய் வந்த பாப்பரசர்

மார்செய்,
4 பிப்ரவரி 1958

அன்புத் தங்கை எஸ்தேலுக்கு அக்கா ஃபிலோமேன் எழுதிக்கொள்வது. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுக்குத்தான். உனக்கு இரண்டும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறேன்.

சகோதரி மரி-பெர்னார் என்று உன் மடத்துப் பெயரைத்தான் எழுத வேண்டும், தெரியும். உறையின் மேல் அப்படித்தான் எழுதியிருக்கிறேன். உள்ளே எழுத கை வரவில்லை.

இந்தக் கடிதம் உன்னிடம் வருமுன் மடத்துத் தாயார் பிரித்துப் படிப்பார் என்பதும் தெரியும். ஐந்து வருஷமாக அதை நினைத்தே மீன் விலை, காற்று, என் ஜலதோஷம் என்று எழுதி அனுப்பினேன். தாயார் அவர்களே, வணக்கம். என் ஜலதோஷத்தைப் பொறுமையாகப் படித்ததற்கு நன்றி. இதையும் படியுங்கள். கோபம் வந்தால் அதை என்னோடு நிறுத்திக்கொண்டு, கடிதத்தை அவளிடம் கொடுத்துவிடுங்கள். தவக்காலம் தொடங்க இரண்டு வாரம்தான் இருக்கிறது. தொடங்கிவிட்டால் உங்கள் மடத்துக்குள் கடிதம் நுழையாது. ஈஸ்டர் கழிந்த வாரம் அவள் ஆயுசுக்கும் மடத்திலேயே இருப்பதாக நித்திய வார்த்தைப்பாடு கொடுக்கிறாள். அதனால் இதை விட்டால் எனக்கு வேறு வழியில்லை.

முதலில் ஊர்ச் செய்தி. ஞாயிற்றுக்கிழமை மெழுகுவர்த்தித் திருநாள். விடியலில் துறைமுகத்திலிருந்து கறுப்பு மாதா சிலையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். காற்று காதை அறுத்தது. நான் திருநாளுக்கான பச்சை மெழுகுவர்த்தியும் படகு வடிவ பிஸ்கட்டும் வாங்கப் போனால், மீன்காரி ரூபியோன் அம்மாள் கூட்டத்தைப் பிளந்துகொண்டு, "கன்னியாஸ்திரீயோட அக்கா வர்றா, வழி விடுங்கடி!" என்று கத்தினாள். எனக்கு முதல் வரிசையில் இடம். ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே வாய்தான், "இந்தக் குறி சொல்ற சீட்டுக்காரிக்கு எதுக்கு மெழுகுவர்த்தி? சாத்தானே விளக்குப் பிடிப்பானே!" என்றது. அன்று நீ அவள் கூடையிலிருந்து ஒரு மத்தி மீனை எடுத்து அவள் மேலேயே எறிந்தாய். நினைவிருக்கிறதா? எனக்கு அந்த மத்திதான் இந்த முதல் வரிசையைவிடப் பெரிய மரியாதையாகத் தெரிகிறது.

பூசை முழுக்க எனக்குப் பிரார்த்தனை வரவில்லை. பேராயர் இரண்டு விரலை உயர்த்தி பிஸ்கட்டை மந்திரித்தார். அந்த இரண்டு விரலைப் பார்த்ததும் நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

அக்டோபரில் உன்னைப் பார்க்க வந்தேனல்லவா? கம்பி வலை, அதற்குப் பின்னால் கறுப்புத் திரை, உன் பக்கத்தில் ஜெபமாலையோடு காவலுக்கு ஒரு சகோதரி. உன் முகத்தைக்கூட நான் பார்க்கவில்லை. எல்லாம் நலம், எல்லோரும் நல்லவர்கள் என்று பாடம் ஒப்பிப்பது போலச் சொல்லிக்கொண்டே வந்தவள், திடீரென்று நம் துறைமுகத்துப் பேச்சில் இறங்கி, "அக்கா, எனக்கு வந்த அந்தப் பாப்பரசர் சீட்டு இன்னும் இருக்கா?" என்று கேட்டாய். இருக்கிறது என்றேன். "வெளிய போயிரலாம்னு தோணுறப்பல்லாம் அதைத்தான் நெனச்சுக்குவேன். கைய உசத்தி ஆசீர்வாதம் பண்றாருல்ல? அத நெனச்சா அடங்கிரும்" என்றாய். கொஞ்சம் பொறுத்து, "என் ரூம் ஜன்னல் கொக்கி இன்னும் ஆடுதா?" என்றாய். அதற்குள் சந்திப்பு நேரம் முடிந்த மணி அடித்துவிட்டது.

காவலுக்கு இருந்த வடக்கத்திச் சகோதரிக்கு நம் பேச்சு புரியவில்லை. இப்போது நானே எழுதித் தாயாரிடம் உன்னைக் காட்டிக்கொடுக்கிறேன். நாலு மாதமாக இதை மென்று விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. எழுதினால் உனக்கு அங்கே அவமானம். எழுதாவிட்டால் என் பொய்யின் மேல் நீ ஆயுசுக்கும் கையெழுத்துப் போடுவாய். அவமானம் ஆறிவிடும் என்று எண்ணித்தான் பேனாவை எடுத்தேன்.

நீ மடத்துக்குப் போகுமுன் வந்த அந்த மார்ச் மாதத்து மதியத்தை நினைத்துப் பார். காற்றில் ஜன்னல்கள் அடித்துக்கொண்டிருந்தன. நீ மேசைக்கு எதிரில் உட்கார்ந்து, "மடத்துக்குப் போகவா, ஒக்தாவக் கட்டிக்கிட்டு ல ஆவ்ர் ஊருக்குப் போகவா? ஒரே ஒரு சீட்டு பாருக்கா" என்று நச்சரித்தாய். சொந்த ரத்தத்துக்குச் சீட்டுப் பார்க்கக் கூடாது என்பது அம்மா போட்ட விதி. "கை தானா வளையும்டி" என்பாள். அந்த விதியை மீறித்தான் சீட்டுக்கட்டை எடுத்தேன். இடது கையால் வெட்டினாய், ஒரு சீட்டை உருவிக் கவிழ்த்தபடியே என் முன்னால் தள்ளினாய்.

அதன் முதுகில் காபிக் கறை இருந்தது. அம்மாவின் சீட்டுக்கட்டில் கறைபட்ட சீட்டு ஒன்றே ஒன்றுதான். அது பாப்பரசர், கறை அவர் காலடிப் பக்க மூலையில். ஆகவே புரட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. கறை என் பக்கம் இருந்தால் சீட்டு நேர். அன்று கறை உன் பக்கம் இருந்தது, எஸ்தேல். உன் கட்டைவிரலுக்குப் பக்கத்தில்.

புத்தகத் தாளைப் புரட்டுகிற மாதிரி பக்கவாட்டில்தான் சீட்டைத் திருப்ப வேண்டும். அப்போதுதான் விழுந்தது விழுந்தபடி தெரியும். நான் மேலிருந்து கீழாகத் திருப்பினேன். அப்படித் திருப்பினால் தலைகீழாய் வந்தவர் நேராக உட்கார்ந்துவிடுவார். ஒரு நொடிகூட ஆகவில்லை. நீ கவனிக்கவில்லை. நீ என் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாய்.

பிறகு எவ்வளவு அழகாக வியாக்கியானம் செய்தேன்! இரண்டு தூணுக்கு நடுவே அமர்ந்திருக்கிறார் பார், அது வழிவழியாக வந்த வீடு. மூன்றடுக்குக் கிரீடம், மூன்று குறுக்குச் சட்டம் போட்ட சிலுவை, உடம்புக்கும் மனதுக்கும் ஆன்மாவுக்கும் பொறுப்பானவர். உயர்த்திய இரண்டு விரல் உனக்கான ஆசீர்வாதம். கீழே உச்சந்தலை மழித்து மண்டியிட்டிருக்கும் இரண்டு பேரில் ஒருத்தி நீ. இப்படியெல்லாம் அளந்தேன். நீ அழுதாய். மறுவாரமே பங்குச்சாமியாரிடம் போய்ச் சொல்லிவிட்டாய்.

தலைகீழாய் வந்தால் அம்மா என்ன சொல்வாள் தெரியுமா? "ஆசீர்வாதம் தரையில கொட்டிப்போச்சு. எவன் பேச்சையும் கேக்காத, உன் மனசக் கேளு. மண்டி போட்டவங்க இப்ப மேல இருக்காங்க பாரு" என்பாள். உனக்கு வந்தது அதுதான். அதை உனக்குக் கொடுக்காமல் நான் வைத்துக்கொண்டேன்.

ஏன் என்று கேட்பாய். ஒக்தாவ் மேல் எனக்கு ஆசை என்று நினைக்காதே. அந்தப் பாரந்தூக்கி எந்திரக்காரனின் மீசை எனக்கு எப்போதும் பிடித்ததில்லை. நிஜம் அதைவிடக் கேவலம். சீட்டுப் பார்க்கிறவள் என்று பங்குச்சாமியார் எனக்கு நற்கருணை கொடுக்க மறுத்து மூன்று வருஷம் ஆகியிருந்தது. கோயிலில் தூண் மறைவில் நிற்பேன். அந்தச் சீட்டில் மண்டியிட்டிருக்கும் இருவரில் ஒருத்தியாக இருக்க வேண்டும் என்ற ஆசை எனக்குத்தான் இருந்தது. எனக்குப் பதில் உன்னை அனுப்பினேன். நீ உள்ளே போனதும் எனக்கு முதல் வரிசை கிடைத்தது. இன்றைக்கு அந்த வரிசையை விட்டு எழுந்து போகவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. சீட்டுப் பார்க்க வருகிறவர்களும் கூடிவிட்டார்கள், மடத்து ஆசி பெற்ற சீட்டுக்காரியாம் நான்.

பாவசங்கீர்த்தனம் செய்து பார்த்தேன். பங்குச்சாமியார் முழுவதும் கேட்டுவிட்டு, "ஆண்டவர் கோணக் கோட்டுலயும் நேரா எழுதுவாரும்மா. இப்ப போய்க் கிளறாத. வாய மூடிக்கிட்டு ஜெபமாலை சொல்லு" என்றார். சொன்னேன், ஆயிரம் மணி உருட்டியிருப்பேன். ஒவ்வொரு மணியிலும் உன் ஜன்னல் கொக்கிதான் நினைவுக்கு வந்தது.

ஒக்தாவுக்குக் கல்யாணமாகி இரண்டு குழந்தைகள். ஆகவே நீ வெளியே வந்தால் உனக்காக ஒருவன் காத்திருப்பான் என்று நான் ஆசை காட்டப்போவதில்லை. இருப்பது இந்த வீடும், மீன் நாற்றமும், என் வாயும்தான். அங்கேயே இருப்பதுதான் உன் ஆசை என்றால் இரு, எஸ்தேல். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷமாக இரு. ஆனால் அது உன் ஆசையாக இருக்கட்டும். வார்த்தைப்பாட்டுக்கு முன்னால் ஆயர் அனுப்பும் ஒருவர் உன்னைத் தனியாக உட்காரவைத்து, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் வருகிறாயா என்று கேட்பாராமே. அந்த நிமிஷத்தில் அடங்குவதற்காக அந்தச் சீட்டை நினைத்துக்கொள்ளாதே. அந்தக் கை உனக்காக உயரவில்லை. நான் உயர்த்தினேன்.

தாயார் அவர்களே, இவள் எதையும் மறைத்து உங்கள் வீட்டுக்குள் வரவில்லை. ஏமாற்றியவள் நான், ஏமாந்தவள் இவள். இவளைத் திட்டாதீர்கள்.

கடிதத்தோடு அந்தச் சீட்டை வைத்திருக்கிறேன். ஒரு சீட்டு குறைந்தால் கட்டு உதவாது. இனி நான் யாருக்கும் பார்க்கப்போவதில்லை. மீன்காரி தன் கடையில் கணவாய் மீன் கழுவ ஆள் வேண்டும் என்கிறாள். முதல் வரிசையில் உட்கார்வதைவிடக் கணவாய் கழுவுவது சுலபம். சீட்டைக் கவிழ்த்து வைத்துப் பார், கறை எந்தப் பக்கம் இருந்தது என்று உன் விரலுக்கு ஞாபகம் வரும். பிறகு உனக்குப் பிடித்தபடி திருப்பிக்கொள். வேண்டாமென்றால் அடுப்பில் போடு. வேறு யார் கையும் அதில் பட வேண்டாம், என் கை உட்பட.

மன்னித்துவிடு என்று கேட்க வாய் கூசுகிறது. ஆசீர்வதிக்க எனக்குத் தகுதியில்லை. அதனால் வீட்டுச் செய்தி சொல்லி முடிக்கிறேன். உன் ஜன்னல் கொக்கியை நேற்று மாற்றிவிட்டேன், இப்போது ஆடவில்லை. ஒரு தடவை தள்ளினாலே திறக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வாங்கிய பச்சை மெழுகுவர்த்தியை இன்னும் ஏற்றவில்லை. பாப்பரசரிடம் சாவி இருக்கும் என்பார்கள். நம் சீட்டில் அவர் கையில் சாவி இல்லை, நான் நன்றாகப் பார்த்துவிட்டேன். தெருக்கதவுச் சாவி கீழே ரொட்டிக் கடையில் இருக்கிறது. நீ வந்து கேட்டால் எதற்கு என்று கேட்காமல் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

உன் அக்கா,
ஃபிலோமேன்